வாயைச் சுற்றிப் பொரிப்பொரியாக வருகிறது: ட்யூப் போட்டால் அடங்குகிறது, விட்டால் ஏன் திரும்புகிறது?

கேள்வி இது: "வயது 29. நான்கைந்து மாதமாக வாயைச் சுற்றியும் தாடையிலும் பொரிப்பொரியாக இருக்கிறது. லேசான எரிச்சல், முகம் கழுவினால் தோல் இழுத்துப் பிடிக்கிறது. மெடிக்கலில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். போட்டால் மூன்று நாளில் முகம் பளிச்சென்று ஆகிறது, விட்டால் ஒரு வாரத்தில் முன்பைவிட அதிகமாக வருகிறது. உடம்புச் சூடு என்கிறார் மாமியார். அக்கி என்கிறார் அம்மா. இரண்டு மாதத்தில் தங்கை கல்யாணம். இது எதனால், என்ன செய்ய?"

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமான வரி அந்த ட்யூப் பற்றியதுதான். தோல் மருத்துவம் பார்க்கும் யாரும் இந்த வாசகத்தை ஓயாமல் கேட்டிருப்பார்கள்: "போட்டா போயிடுது டாக்டர், விட்டா வந்துடுது." இதைக் கேட்டதும், முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, "அந்த ட்யூப் கையில இருக்காம்மா?" என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் இருக்கும். கைப்பையின் சின்ன ஜிப் அறையிலிருந்து, அடியிலிருந்து இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே வந்து கடைசிச் சொட்டு வரை பிதுக்கிய ட்யூப் ஒன்று வெளியே வரும். அதன் மேல் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படித்தால் பாதி நோயறிதல் முடிந்துவிடும்.

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்வது பெரியோரல் டெர்மடைட்டிஸ் என்கிற தோல் அழற்சியோடு மிகவும் பொருந்துகிறது. இருபதிலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண்களுக்குத்தான் இது அதிகம். குழந்தைகளுக்கும் வரும், ஆண்களுக்குக் குறைவு. தொற்றாது, ஆளைக் கொல்லாது, தழும்பும் பெரும்பாலும் வைக்காது. ஆனால் தவறான மருந்தைப் போட்டால் வருடக்கணக்கில் இழுத்தடிக்கும்.

பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். பொரிகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில், கொத்துக்கொத்தாக இருக்கும். சிலவற்றின் நுனியில் துளி சீழ் இருக்கலாம், மேலே மெல்லிய செதில் உரியலாம். கவனிக்க வேண்டியது உதட்டின் ஓரம். உதட்டை ஒட்டிச் சில மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோல் சுத்தமாக, சுற்றியுள்ள இடத்தைவிட வெளிறித் தெரியும். பொரிகள் அதற்கு வெளியேதான் தொடங்கும். மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பிலும், சிலருக்குக் கண்ணைச் சுற்றியும் வரும். முகப்பருவில் இருக்கும் கரும்புள்ளி, வெண்புள்ளி இதில் இருக்காது. அரிப்பைவிட எரிச்சலும் இழுப்பும்தான் அதிகம். இன்னொன்று, பாடப்புத்தகங்களில் "சிவந்த பொரிகள்" என்று போட்டிருப்பது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு, பழுப்பாகவோ கருமையாகவோதான் தெரியும். "வாயைச் சுத்திக் கருத்துப் போச்சு" என்று வருகிற பலருக்கு, விரலால் தடவிப் பார்த்தால்தான் கீழே பொரி இருப்பது தெரிகிறது.

சரி, எதனால் வருகிறது? முழுக் காரணம் மருத்துவத்துக்கே இன்னும் பிடிபடவில்லை. தோலின் மேலடுக்கு பலவீனமாகி ஈரத்தைப் பிடித்துவைக்க முடியாமல் போவது, மயிர்க்கால்களைச் சுற்றி அழற்சி உண்டாவது என்று சில விஷயங்கள் தெரியும். ஆனால் எது இதைக் கிளப்பிவிடுகிறது என்பதில் முதலிடம் எதற்கு என்று கேட்டால் யாரும் தயங்க மாட்டார்கள். முகத்தில் போடும் ஸ்டீராய்டு க்ரீம்தான்.

இந்த நோயின் வரலாறே அந்தக் க்ரீமோடு பின்னியது. 1957-ல் அமெரிக்காவில் ஃப்ரூமெஸ், லூயிஸ் என்ற இருவர் இதை முதலில் விவரித்தபோது வெயில் ஒவ்வாமை போல ஏதோ ஒன்று என்று நினைத்தார்கள். 1964-ல் மிஹான், அயர்ஸ் இருவரும் இப்போதுள்ள பெயரை வைத்தார்கள். ஃப்ளோரின் சேர்த்த வீரியமான ஸ்டீராய்டு களிம்புகள் சந்தைக்கு வந்து, சின்னத் தடிப்புக்கும் அவற்றைத் தடவுவது வழக்கமான காலம் அது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பிரிட்டனில் இந்நோய் கொள்ளைநோய் போலப் பெருகியது. முகத்துக்கு வீரியமான ஸ்டீராய்டு கூடாது என்று டாக்டர்கள் கையைக் கட்டிக்கொண்ட பிறகுதான் அங்கே குறைந்தது.

நம் நாட்டில் அந்தக் கதை இன்னும் முடியவில்லை. 2011-ல் இந்திய தோல் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், நாடு முழுவதும் 12 மையங்களில் முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரைப் பார்த்தார்கள். அதில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 433 பேரில் 126 பேர் அதை வெள்ளையாக்கும் க்ரீமாகவோ, பொதுவான முகக் க்ரீமாகவோ, ஷேவ் செய்தபின் போடும் க்ரீமாகவோ நினைத்திருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைச் சொன்னது டாக்டரே இல்லை. கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், ப்யூட்டி பார்லர் அக்கா, இப்படி. பத்தில் ஒன்பது பேருக்குப் பக்கவிளைவு வந்திருந்தது.

ஸ்டீராய்டு ஏன் இப்படி ஏமாற்றுகிறது என்றால், அது உடனடியாக வேலை செய்கிற மருந்து. ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அழற்சியை அமுக்கும், நிறத்தையும் கொஞ்சம் வெளுக்க வைக்கும். அதனால் மூன்றாம் நாள் முகம் பளிச்சென்று இருப்பது பொய்யில்லை. ஆனால் அதே நேரத்தில் தோல் மெலிகிறது, தடுப்புச் சுவர் பலவீனமாகிறது, மயிர்க்காலில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. க்ரீமை நிறுத்தியதும் அமுக்கி வைத்திருந்த அழற்சி மொத்தமும் திரும்ப எழும். நீங்கள் பயந்துபோய் மறுபடி தடவுவீர்கள், அடங்கும். கடனை அடைக்க வட்டிக்குக் கடன் வாங்குகிற கதைதான். ஒவ்வொரு சுற்றிலும் அசல் ஏறிக்கொண்டே போகும்.

உங்கள் ட்யூபை எடுத்துப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் வியாபாரப் பெயரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தைப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன், ஃப்ளுவோசினோலோன், ஹைட்ரோகார்ட்டிசோன் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பெயரின் வாலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். குளோபெட்டசால் வீரியத்தில் உச்சத்தில் இருக்கும் ஸ்டீராய்டு. ஒலியில் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும் க்ளோட்ரிமசோல் வெறும் படர்தாமரை மருந்து. வியாபாரப் பெயருக்குப் பின்னால் என், சி, ஜிஎம், ப்ளஸ் என்று ஏதாவது ஒட்டியிருந்தால், ஸ்டீராய்டோடு ஆன்டிபயாடிக்கையோ பூஞ்சை மருந்தையோ சேர்த்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் அர்த்தம். எது வந்தாலும் ஒன்றாவது வேலை செய்யட்டும் என்கிற கலவை இது. மருத்துவ ரீதியாக எனக்கு இதைவிட எரிச்சலூட்டும் பொருள் கிடையாது.

மங்கு என்கிற முகக் கருமைக்கு என்று விற்கும் மூன்று மருந்துக் கலவைக் க்ரீமிலும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயினோடு மொமெட்டசோனோ ஃப்ளுவோசினோலோனோ இருக்கும். டாக்டர் சொல்லி, குறிப்பிட்ட வாரங்களுக்குப் போட வேண்டிய அதைப் பலர் வருடக்கணக்கில் நைட் க்ரீமாகப் பூசுகிறார்கள். அப்புறம், லேபிளே இல்லாமல் டப்பாவில் வரும் "ஃபார்முலா க்ரீம்"கள் இருக்கின்றன. ஆன்லைனிலும் பார்லரிலும் கிடைக்கும் இவற்றில் ஸ்டீராய்டு மட்டுமல்ல, பாதரசமும் இருக்கலாம். சில வருடங்களுக்கு முன் கேரளத்தின் மலப்புரம் பக்கம், இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை அங்குள்ள மருத்துவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் க்ரீம்களை அட்டவணை எச்-இல் சேர்த்தது. அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நடைமுறையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும், சீட்டு கேட்டிருந்தால் உங்கள் கையில் அந்த ட்யூப் இருந்திருக்காது.

"நான் எந்த ஸ்டீராய்டும் போடவில்லையே" என்பவர்களும் உண்டு. அப்போது துருவிக் கேட்க வேண்டும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரோ, மூக்கடைப்புக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரேயோ எடுக்கிறீர்களா? குழந்தைக்கு மாஸ்க் வைத்து நெபுலைசர் கொடுக்கிறீர்களா? அந்த மாஸ்க் படியும் இடம்தான் வாயும் மூக்கும். மருந்தை நிறுத்தக் கூடாது, கொடுத்து முடித்ததும் முகத்தைக் கழுவிவிட்டு வாயைக் கொப்பளிக்க வைத்தால் போதும். கையில் கரப்பானுக்கு ஸ்டீராய்டு தடவிய பாட்டி, அதே கையால் பேத்தியின் வாயைத் துடைத்துவிட்டுக் குழந்தைக்கு வந்ததும் உண்டு.

ஸ்டீராய்டு இல்லாமலும் இது வரலாம். கெட்டியான மாய்ஸ்சரைசர், ஃபவுண்டேஷன், நைட் க்ரீம் என்று அடுக்கடுக்காகப் பூசுவது, சில பற்பசைகள், நாள் முழுக்க மாட்டியிருக்கும் முகக்கவசம், ஹார்மோன் மாற்றம் எல்லாம் பட்டியலில் உண்டு. கொரோனா காலத்தில் முகக்கவசத்தால் இது கூடியதைப் பலரும் பார்த்தோம். பற்பசையில் ஃப்ளோரைடு, இலவங்கப்பட்டை வாசனை, நுரைக்கும் பொருள் ஆகிய மூன்றின் மீதும் சந்தேகம் இருக்கிறது. ஆனால் ஃப்ளோரைடைக் கைவிட்டால் பல் கெடும். அதனால் சில வாரங்களுக்குக் காரம் குறைந்த, நுரை குறைந்த பேஸ்ட்டுக்கு மாறிப் பாருங்கள், நிரந்தரமாக வேண்டாம். பல் தேய்த்து முடித்ததும் வாயோரத்தில் வழிந்த நுரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுவது பலரும் மறக்கிற விஷயம்.

இனி வைத்தியம். முதல் மருந்து, மருந்தை நிறுத்துவது. ஜெர்மானிய டாக்டர்கள் இதற்கு "பூஜ்ய வைத்தியம்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு, மேக்கப், மாய்ஸ்சரைசர், சீரம், ஃபேஸ்வாஷ், ஸ்க்ரப் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் முகம் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுப்பது. இதோடு கடலைமாவு, எலுமிச்சை, தக்காளி, கஸ்தூரி மஞ்சள் எல்லாமும் நிறுத்தப் பட்டியலில் சேரும். எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு நம் ஊர் வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துவிடும், அது தனிக் கதை. பருவின் மேல் பற்பசை வைக்கிற பழக்கமும் வேண்டாம். லேசான நோய்க்கு இந்தப் பூஜ்ய வைத்தியமே போதும், சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானாக அடங்கிவிடும்.

இதில் யாரும் முன்கூட்டியே சொல்லாத, ஆனால் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று: ஸ்டீராய்டை நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் முகம் மோசமாகும். பொரி கூடும், வீங்கும், எரியும், சிலருக்குக் கண்ணாடி பார்க்கவே பிடிக்காது. டாக்டர் கொடுத்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பழைய ட்யூபுக்கு ஓடுவது இந்த இடத்தில்தான். இந்தப் பதினைந்து நாளைத் தாண்டிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எரிச்சலுக்குச் சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பத்து நிமிடம் ஒத்தடம் வைக்கலாம். வீரியமான ஸ்டீராய்டை நீண்ட நாள் போட்டவர்களுக்கு, ஒரேயடியாக நிறுத்தாமல் ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற வீரியம் குறைந்ததற்கு மாற்றி, இடைவெளி விட்டுவிட்டு நிறுத்தச் சொல்வதும் உண்டு. அதை டாக்டர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். நீங்களாகச் செய்தால் அந்த "வீரியம் குறைந்தது" நிரந்தரமாகக் கூடவே தங்கிவிடும்.

பூச்சு மருந்தாக 0.75 சதவீத மெட்ரோனிடசோல் ஜெல், எரித்ரோமைசின், அசெலாயிக் ஆசிட், ஐவர்மெக்டின் ஆகியவற்றில் ஒன்றைக் கொடுப்போம். ஸ்டீராய்டால் வந்த நோய்க்கு பிமெக்ரோலிமஸ் க்ரீம் நன்றாகக் கேட்கும். ஸ்டீராய்டு செய்கிற அழற்சி குறைப்பைச் செய்யும், தோலை மெலிய வைக்காது. முதல் சில நாள் லேசாக எரியும். இவை எதுவும் மூன்று நாளில் வித்தை காட்டாது. மாற்றம் தெரியவே மூன்று நான்கு வாரம் பிடிக்கும்.

பொரி பரவலாக இருந்தாலோ, பூச்சு மருந்து எடுபடாவிட்டாலோ மாத்திரை. டாக்ஸிசைக்ளின்தான் வழக்கம், பெரும்பாலும் தினம் 100 மில்லிகிராம், ஆறிலிருந்து எட்டு வாரம். இங்கே இது கிருமியைக் கொல்வதற்காக என்பதைவிட அழற்சியைத் தணிப்பதற்காகத்தான் தருகிறோம். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது, மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரையோடும் ஜெலுசில் மாதிரி வயிற்று மருந்தோடும் சேர்த்துப் போட்டால் உடம்பில் சேராது, சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். வெயில் பட்டால் தோல் சீக்கிரம் எரியும். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கும் இதைக் கொடுக்க மாட்டோம், அவர்களுக்கு எரித்ரோமைசினோ அசித்ரோமைசினோ உண்டு. கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற மாத்திரை இல்லை இது.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு மாதம் இருக்கிறது என்றால் இன்றே ஆரம்பித்தால் நல்லது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் இரண்டு வாரம் மோசம், அடுத்த நான்கு வாரத்தில் இறக்கம், எட்டாவது வாரத்தில் பொரி பெருமளவு அடங்கியிருக்கும், கருமை கொஞ்சம் மிச்சமிருக்கும். "இன்னும் ஒரு மாசம் அந்த ட்யூபையே போட்டுக்கறேன், கல்யாணம் முடிஞ்சதும் விட்டுடறேன்" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் கட்டுக்கு அடங்காமல் வெடிக்கும் வாய்ப்பு அதிகம். அன்று ஒரு நாள் மேக்கப் போட்டுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எண்ணெய்ப் பசை குறைந்ததாக, வாயைச் சுற்றி மெல்லியதாகப் போட்டு, இரவே கழுவிவிடுங்கள். முந்தின வாரத்தில் ப்ளீச், ஃபேஷியல் மட்டும் வேண்டவே வேண்டாம். மேலுதட்டு முடியைத் த்ரெட்டிங் செய்வதையும் நோய் அடங்கும்வரை தள்ளிப்போடுங்கள்.

மாமியார் சொன்ன சூட்டைப் பற்றி: இளநீரும் மோரும் குடிப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை, ஆனால் இந்த நோய் உடம்புச் சூட்டால் வருவதில்லை. காரமான குழம்பு வாயோரத்தில் பட்டால் எரியும், அவ்வளவுதான்.

அம்மா சொன்ன அக்கியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பாதி சரி. நம் ஊரில் அக்கி என்று சொல்வது பெரும்பாலும் ஹெர்பிஸ் வகை வைரஸால் வரும் நீர்க்கொப்புளங்களை. மண்பாண்டம் செய்பவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்வதும் இன்றும் கிராமங்களில் இருக்கிறது. வாயோரத்தில் வருவது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வகை. காய்ச்சலுக்குப் பின்னாலோ, வெயிலில் அலைந்த பின்னாலோ, உதட்டோரத்தில் ஓரிடத்தில் குறுகுறுப்பும் எரிச்சலும் முதலில் வரும். மறுநாள் அங்கே சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும், உடையும், பொருக்கு கட்டும், ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே ஆறும். அக்கி எழுதினாலும் ஆறும், எழுதாவிட்டாலும் ஆறும். குறுகுறுப்பு தொடங்கிய முதல் நாளிலேயே அசைக்ளோவிர் எடுத்தால் சீக்கிரம் ஆறும், தாமதித்தால் பெரிய பயனில்லை. புண் இருக்கும்போது கைக்குழந்தைக்கு முத்தம் கொடுக்காதீர்கள், பிறந்த குழந்தைக்கு அது உயிராபத்தாகலாம். உங்களுக்கு மாதக்கணக்கில், இரண்டு பக்கமும், நீர் கோக்காத பொரியாக இருக்கிறது என்பதால் இது அக்கி இல்லை.

வாயைச் சுற்றி வருகிற எல்லாமே பெரியோரல் டெர்மடைட்டிஸும் இல்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

தாடையிலும் தாடை எலும்போரத்திலும் ஆழமாக, தொட்டால் வலிக்கிற கட்டிகள், மாதவிலக்குக்கு முந்தின வாரம் கூடுவது, கூடவே ஒழுங்கற்ற மாதவிலக்கு, முகத்தில் முடி வளர்வது என்றால் அது ஹார்மோன் சார்ந்த முகப்பரு. சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மேலுதட்டு ஓரத்திலும் உதட்டிலும் வெளிர் மஞ்சளாக, ரவை தூவியது மாதிரி சின்னப் புள்ளிகள், வலி இல்லை, அரிப்பு இல்லை, தோலை இழுத்துப் பிடித்தால் இன்னும் தெளிவாகத் தெரிகிறது என்றால் ஃபோர்டைஸ் புள்ளிகள். இடம் மாறி வளர்ந்த எண்ணெய்ச் சுரப்பிகள், அவ்வளவுதான். நோயே இல்லை. இணையத்தில் தேடிப் பார்த்துப் பால்வினை நோய் என்று பயந்து தூக்கமில்லாமல் வரும் இளைஞர்களை வருடம் முழுக்கப் பார்க்கலாம். இதற்கு வைத்தியம் தேவையில்லை, ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் நல்லது.

ஆண்களுக்கு ஷேவ் செய்யும் இடத்தில் மட்டும் பொரி என்றால், வெட்டிய முடி சுருண்டு தோலுக்குள்ளேயே குத்திக்கொள்வது பொதுவான காரணம். முடி சுருட்டையாக இருந்தால் அதிகம். எதிர்த்திசையில் மழிப்பதை நிறுத்தி, சில வாரம் ட்ரிம்மர் மட்டும் பயன்படுத்தினால் குறையும். ப்ளேடு போன கோட்டிலேயே வரிசையாகத் தட்டையான பொரிகள் என்றால் அது மரு. ஷேவ் செய்யச் செய்ய வைரஸ் பரவும், பிறகு பத்து இருந்தது நூறாகும்.

குழந்தைகளுக்குத் தேன் காய்ந்தது போன்ற மஞ்சள் பொருக்கு வாயோரத்திலும் மூக்கடியிலும் வந்தால் இம்பெட்டிகோ என்ற பாக்டீரியா தொற்று. பள்ளியில் ஒரே வாரத்தில் பலருக்கு ஒட்டும், ஆன்டிபயாடிக் களிம்போ மருந்தோ வேண்டும். வாயைச் சுற்றி வட்டமாகக் கருத்து, வறண்டு, உதட்டை ஒட்டியே தொடங்கினால் குழந்தை உதட்டை நக்குகிறதா என்று கவனியுங்கள். இதில் அந்த வெளிறிய வளையம் இருக்காது, நாக்கு எட்டுகிற தூரம் வரைதான் கருமை இருக்கும். வெறும் வாசலின் தடவி, நக்குவதை நினைவூட்டி நிறுத்தினால் போதும்.

மாம்பழக் காலத்தில் இன்னொன்று வரும். காம்பு கிள்ளிய இடத்தில் வடியும் பாலும் தோலிலிருக்கும் பிசினும் வாயோரத்தில் பட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்போடு பொரியும் நீர்க்கொப்புளமும் கிளம்பும். சேராங்கொட்டைப் பாலும் இதே குடும்பம்தான். "மாம்பழம் சூடு, அதான் வாய் வெந்துடுச்சு" என்று சொல்வது இதைத்தான். பழத்தை நன்றாகக் கழுவி, காம்புப் பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, தோல் சீவித் துண்டு போட்டுச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் வராது. தோலோடு கடித்துச் சப்புவதுதான் பிரச்சினை.

வாயின் இரு மூலையிலும் வெடிப்பும் புண்ணும் என்றால் இரும்புச் சத்து, பி வைட்டமின் குறைவு, பூஞ்சை, சரியாகப் பொருந்தாத பல்செட் என்று பார்க்க வேண்டும். வட்டமாகப் பரவி ஓரம் மட்டும் தடித்திருந்தால் படர்தாமரை. அதன்மேல் ஸ்டீராய்டு கலவைக் க்ரீம் போட்டிருந்தால் வட்டமே அழிந்து, எங்களுக்கே அடையாளம் தெரியாமல் குழம்பிப் போயிருக்கும். அப்போது தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்போம்.

சில விஷயங்களில் காத்திருக்காதீர்கள். மேலுதட்டிலோ மூக்குக்குக் கீழேயோ ஒரு கட்டி வலியோடு வீங்கி, முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அந்த இடத்து ரத்தக் குழாய்கள் மூளைப் பக்கம் போகிறவை, பிதுக்கினால் தொற்று உள்ளே போகும் ஆபத்து அபூர்வமாகவாவது இருக்கிறது. நீர்க்கொப்புளம் கண்ணருகே வந்தாலும், கரப்பான் உள்ள குழந்தைக்கு முகம் முழுக்கத் திடீரென்று பரவினாலும் அப்படித்தான். வயதானவருக்கு ஒரே ஒரு முடிச்சு மாதக்கணக்கில் ஆறாமல் ரத்தம் கசிந்தால் சதைப் பரிசோதனை செய்ய வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பொரி அடங்கிய பின் கருமை சில மாதம் நிற்கும். அது தழும்பில்லை, அழற்சி விட்டுப்போன நிறம், தானாக மங்கும். அதைப் போக்க இன்னொரு வெள்ளையாக்கும் க்ரீமை ஆரம்பித்தால் மறுபடி முதலிலிருந்துதான். வெயிலுக்குக் குடையோ துப்பட்டாவோ போதும், முகம் தேறிய பிறகு ஜெல் வகை சன்ஸ்க்ரீன் போடலாம். நிறுத்திய பொருட்களைத் திரும்பக் கொண்டுவரும்போது ஒவ்வொன்றாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒன்றிரண்டு வாரம் இடைவெளி விட்டுக் கொண்டுவாருங்கள். மறுபடி பொரி கிளம்பினால் எது குற்றவாளி என்று உடனே தெரிந்துவிடும்.

தோல் டாக்டரைப் பாருங்கள். தனியார் கட்டணம் கட்டுப்படியாகாது என்றால் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கும், காலையிலேயே போய் ஓபி சீட்டு போட்டுவிடுங்கள். போகும்போது முகத்தில் ஒன்றும் பூசாதீர்கள். இந்த நான்கைந்து மாதத்தில் முகத்தில் பட்ட எல்லாவற்றையும், பேஸ்ட், லிப் பாம், காலி ட்யூப் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மோசமாக இருந்த நாட்களில் எடுத்த புகைப்படம் போனில் இருந்தால் காட்டுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்குத் திட்டமிட்டிருந்தாலோ, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ அவர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், மாத்திரையே மாறும்.